ஜெராய் மலையில் மிச்சம் பன்னிரண்டு

ஜெராய் மலை, குரூண் வழி
11.2.1979

அன்புள்ள செலஸ்டின் அக்காவுக்கு,

மாதா காவலில் இங்கே சுகமாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி எப்படி? அத்தான் சளியெல்லாம் தீர்ந்து வேலைக்குப் போகிறாரா?

காட்டு இலாகாவில் என்னை மலைக்கு அனுப்பி ஒரு மாதம் ஆகிறது. ரோட்டோரத்தில் ஒரு பலகை அறை கொடுத்திருக்கிறார்கள். பாதி நாள் மேகம் உள்ளேயே வந்துவிடுகிறது. துவைத்த சட்டை நாலு நாளாகியும் காயாது. செபப் புத்தகத்தின் அட்டை பூஞ்சணம் பிடித்துவிட்டது. துடைத்தேன், மறுபடியும் பிடித்தது. இப்போது துடைப்பதில்லை.

என் வேலை என்னவென்று கேட்டிருந்தாய். வடக்குச் சரிவில் ஒரு சாதி மரப்பெரணி இருக்கிறது. எஸ்டேட்டில் கால்வாயோரம் முளைக்குமே, மலாய்க்காரர்கள் 'பாக்கு' என்று பெயர் சொல்லிக் கீரை மாதிரிப் பறித்துச் சமைப்பார்களே, அந்தச் சாதிதான். ஆனால் இது மரம். கறுப்பாக, சொரசொரப்பாக, தென்னை மாதிரி நேராக நிற்கிறது. உச்சியில் மட்டும் குடை விரித்ததுபோல் இலை. பினாங்கிலிருந்து டாக்டர் உமையாள் என்று ஓர் அம்மா வந்து ஆராய்ச்சி செய்கிறார். சுங்கை பட்டாணியில் துணிக்கடை வைத்திருந்த மெய்யப்பன் செட்டியாரின் மகள். ஊசி போடும் டாக்டர் இல்லை, செடி படித்த டாக்டர். இந்தச் சாதி இந்த மலையில் இந்தச் சரிவில் மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது என்கிறார். மொத்தம் அறுபத்து நாலு. ஒவ்வொன்றிலும் அலுமினியத் தகட்டில் நம்பர் போட்டுக் கம்பியால் கட்டியிருக்கிறோம். வாரம் இரண்டு முறை நடந்து போய் எண்ணி எழுதுவதுதான் என் வேலை.

போன வாரம் நாலு இல்லை. அறுத்து எடுத்துப் போய்விட்டார்கள். தலையை மட்டும் வெட்டிப் போட்டிருந்தார்கள். இலை இன்னும் பச்சையாக இருந்தது. ஆர்கிட் பூச்செடி வளர்ப்பவர்கள் இந்தக் கட்டையைப் பலகையாக அறுத்து அதில் செடியைக் கட்டுவார்களாம், டாக்டர் சொன்னார். எனக்கு உடனே அத்தான் ஞாபகம் வந்தது. ஆர்கிட்காரர்களை எல்லாம் அவருக்குத் தெரியுமே. கெடாவில் இந்தக் கட்டையை யார் விற்கிறார்கள் என்று கேட்டு எழுது.

உன் செபத்தில் என்னை நினைத்துக்கொள்.

தம்பி டக்ளஸ்


மெர்கோங், அலோர் ஸ்டார்
2.3.1979

அன்புத் தம்பி டக்ளஸ்,

உன் கடிதம் கிடைத்தது. கர்த்தர் தயவில் இங்கே குறையில்லை. முழங்கால் மழைக்கு வலிக்கிறது, வெயிலுக்கு விடுகிறது. அத்தானுக்குச் சளி போய்விட்டது.

தபசு காலம் ஆரம்பித்துவிட்டதால் கோயிலில் வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை. கூட்டம் பரவாயில்லை. புதுச் சாமியார் தமிழில் கொஞ்சம் தடுமாறுகிறார், ஆனால் நல்ல மனுஷன். பக்கத்து வீட்டு வாசுகிக்கு மூன்றாவதும் பெண். பிள்ளைக்கு நான் ஒரு கவுன் தைத்துக் கொடுத்தேன். கிணற்றடிச் சுவர் சாய்ந்துவிட்டது, ஆள் சொல்லியிருக்கிறோம்.

அத்தான் ரயில் ஸ்டேஷனிலிருந்து வந்ததும் செடிகளிடம் போய்விடுகிறார். காலையில் எழுந்ததும் அங்கேதான். நன்றாகச் சாப்பிடுகிறார்.

மலையில் குளிர் அதிகம் என்று தெரிகிறது. கம்பளிச் சட்டை ஒன்று பின்னுகிறேன். ஈரத் துணியைப் போட்டுக்கொண்டு திரியாதே. பாம்பு இருக்கும், பார்த்து நட.

அன்புடன்
அக்கா செலஸ்டின்


ஜெராய் மலை
20.3.1979

அன்புள்ள அக்கா,

கடிதம் கண்டேன். எல்லாருடைய சுகமும் அறிந்தேன். வாசுகி அக்காவிடம் என் வாழ்த்தைச் சொல்லு.

நான் கேட்டதை மறந்துவிட்டாய் போலிருக்கிறது. அத்தானிடம் கேட்டாயா? இங்கே இன்னும் ஒன்பது போய்விட்டது. நான் தெற்குப் பக்கம் பாதை செதுக்கப் போன மூன்று நாளில் வந்திருக்கிறார்கள். என் நடமாட்டம் தெரிந்த ஆள். இப்போது ஐம்பத்தொன்று.

டாக்டர் வந்திருந்தார். அறுத்த அடியைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "இது வருஷத்துக்கு ரெண்டு விரல் உசரம் ஏறும், டக்ளஸ். அவ்வளவுதான்" என்றார். நான் தலைக்கு மேல் கை தூக்கி, "இவ்வளவு உசரம்னா?" என்று கேட்டேன். "ஒங்க தாத்தா கப்பல்ல வந்தப்ப இது முழங்கால் அளவு இருந்திருக்கும்" என்றார்.

"தலைய நட்டா தழையாதா டாக்டர்?"

"இந்தச் சாதி தழையாது. தல போனா போனதுதான்."

நான் அன்று போன நம்பர்களை நோட்டில் கோடு போட்டு அடித்தேன். வருத்தமாக இருந்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. இங்கே வந்ததிலிருந்து எல்லாம் கொஞ்சம் தள்ளி நின்று பார்ப்பதுபோல்தான் இருக்கிறது. மேகத்தினால் இருக்கும்.

அத்தானைக் கேட்டு உடனே எழுது. ரேஞ்சர் என்னைத்தான் கேட்கிறார்.

உன் அன்புத் தம்பி
டக்ளஸ்


மெர்கோங்
6.5.1979

தம்பி டக்ளஸுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. பாஸ்கா பண்டிகைக்குக் கோயில் வேலை, அப்புறம் எனக்கு ஒரு வாரம் காய்ச்சல். இப்போது எழுந்து நடக்கிறேன்.

கேட்டேன். அவருக்குத் தெரியாதாம்.

கம்பளிச் சட்டையும் மீன் ஊறுகாய் ஒரு போத்தலும் குரூண் பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன். போத்தலைக் கவிழ்க்காமல் வை.

அக்கா


ஜெராய் மலை
30.6.1979

அன்புள்ள அக்காவுக்கு,

சட்டை அளவாக இருக்கிறது. ஊறுகாய் தீர்ந்துவிட்டது. நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

இதை எப்படி எழுதுவது என்று யோசித்து ஐந்து நாள் ஆகிவிட்டது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

திங்கட்கிழமை காலை வடக்குச் சரிவில் ரம்பச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் ஓர் ஆள் ஒரு மரத்தைச் சாய்த்துவிட்டு இன்னொன்றையும் அறுத்து முடிக்கும் நேரம். "யாருலா அது?" என்று கத்தினேன். அவர் திடுக்கிட்டுப் பின்னால் காலை வைத்தார். பின்னால் தரை இல்லை. இரண்டாள் ஆழம் இருக்கும், ஓடைக்குள் விழுந்தார். நான் இறங்கிப் பார்த்தபோது முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியே தெரிந்தது. மனுஷன் அழவில்லை, என் முகத்தையே பார்த்தார்.

"நீ சூசை மவன்தானே? சின்னவன்."

"ஆமா."

"பக்கிரிசாமி. செமிலிங் தோட்டத்துல ஒங்கப்பனும் நானும் பக்கத்துப் பக்கத்து நெரயில ரப்பர் மரத்துல பால் வெட்டுனோம்."

தோட்டத்தில் நம் வீட்டுக்கு அடுத்த லயத்து வரிசை வீட்டில் இருந்தவர், அக்கா. எனக்கு அடையாளம் தெரியவில்லை. சட்டையைக் கிழித்துக் காலைக் கட்டி முதுகில் தூக்கிக்கொண்டேன். ரோட்டுக்கு ஒன்றரை மணி நேரம். பாதி வழியில் நான் கேட்டேன், "இத ஏங்க வெட்டுனீங்க? நம்பர் கட்டியிருக்கே, பாக்கலயா?"

"லோரிக்காரன் கேட்டான், வெட்டுனேன். எங்க போவுதுன்னு ஒனக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"அட, ஒங்க அக்கா வூட்டுக்காரருக்குத்தான்லா! மெர்கோங் வூட்டுல நானே ஒருவாட்டி எறக்கி அடுக்கி வெச்சேன். ஒங்க அக்கா டீ குடுத்துச்சு. என்னைத் தெரியல அதுக்கு. நானும் சொல்லிக்கல."

அதற்கப்புறம் அவர் பேசியது என் காதில் விழவில்லை. முதுகில் அவர் கனம் மட்டும் தெரிந்தது. ரோட்டில் ஒரு ஜீப் வந்தது, ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டேன்.

மறுநாள் ரேஞ்சருக்கு ரிப்போர்ட் எழுதினேன். 'வாங்கியவர்' என்ற இடத்தில் 'தெரியாது' என்று எழுதினேன். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பக்கிரிசாமியிடமும் அப்படியே சொல்லச் சொன்னேன். சரி என்றார். 

நான் பொய் எழுதியது இதுதான் முதல் தடவை. கையெழுத்துப் போட்டு உறையில் வைத்து ஒட்டினேன். 

இப்போது நாற்பத்தொன்பது.

டக்ளஸ்


மெர்கோங்
12.7.1979

என் அன்புத் தம்பி,

உன்னைச் சர்வேசுரன் காப்பாற்ற வேண்டும். அந்தப் பெரியவர் கால் எப்படி இருக்கிறது என்று எழுது. டீ கொடுத்தது உண்மைதான். பெயர் கேட்கத் தோன்றவில்லை.

உன் முதல் கடிதத்தைக் குசினியில் அடுப்படியில் நின்றுகொண்டு படித்தேன். ஜன்னலுக்கு வெளியே கொல்லையில் அந்தக் கட்டைகள் அடுக்கியிருந்தன. நீ எழுதியிருந்தபடியே கறுப்பாக, சொரசொரப்பாக. எனக்கு அன்றைக்கே தெரியும், டக்ளஸ். நான் அவரிடம் கேட்கவே இல்லை. கேட்டதாகப் பொய் எழுதினேன்.

ஏன் என்று நீ கேட்பாய். எங்கள் ரெஜினா போன பிறகு நீ இரண்டு தடவைதான் இந்த வீட்டுக்கு வந்தாய். உனக்குத் தெரியாது. ஐந்து வயசுப் பிள்ளை, மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டது. அடக்கம் முடிந்து வந்து அவர் முன்னறை நாற்காலியில் உட்கார்ந்தார். ரயில்வேயில் நல்ல மனுஷர்கள், கணக்கெழுதும் கிராணி வேலையை விடாமல் வைத்திருந்தார்கள். போவார், வருவார், அதே நாற்காலி. இரண்டு வருஷம் என்னிடம் பேசியதை விரல்விட்டு எண்ணலாம். நான் சோறு போட்டால் தின்பார். போடாவிட்டால் கேட்கமாட்டார். ஒருநாள் வேண்டுமென்றே போடாமல் இருந்து பார்த்தேன். கேட்கவில்லை.

அப்புறம் ஸ்டேஷனில் யாரோ ஒரு ஆர்கிட் செடியைக் கொடுத்தார்கள். செத்துப்போன மாதிரி ஒரு குச்சி. அது பூத்தது. அன்றைக்கு என்னைக் கூப்பிட்டு, "செலஸ்டின், இங்க வந்து பாரேன்" என்றார். என் பெயரை அவர் வாயால் கேட்டு எவ்வளவு நாள் ஆகியிருந்தது தெரியுமா? இப்போது இருநூறு செடிக்கு மேல். கட்டையில் கட்டி வளர்த்து விற்கிறார். அதற்காகத்தான் காலையில் எழுந்திருக்கிறார்.

அதை எப்படி நான் போய் நிறுத்தச் சொல்வேன்?

உன்னைப் பொய் எழுத வைத்துவிட்டேன். அந்தப் பாவம் என்மேல்தான். இனி அந்தக் கட்டை வீட்டுக்கு வராது. நான் சொல்லி நிறுத்துகிறேன்.

அக்கா


ஜெராய் மலை
3.8.1979

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் கிடைத்தது. பக்கிரிசாமி வீட்டுக்கு வந்துவிட்டார், கட்டையூன்றி நடக்கிறார்.

நீ சொல்லி நிறுத்தினால் போதும். நானும் இதைப் பற்றி இனிமேல் எழுதவில்லை. ரெஜினா அடக்கத்துக்கு வந்தபோது அத்தானிடம் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிவிட்டேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை. இப்போதும் தெரியாது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


ஜெராய் மலை
9.1.1980

அக்கா,

கிறிஸ்மஸுக்கு நீ அனுப்பிய கார்டு வந்தது. அதில் கையெழுத்து மட்டும் இருந்தது. நீங்கள் இருவரும் சுகமா?

நவம்பர் கடைசியில் மழையில் ரோடு சரிந்துவிட்டது. எங்களை எல்லாம் கீழே மண் அள்ள இறக்கிவிட்டார்கள். ஆறு வாரம். முந்தாநாள்தான் மேலே வந்தேன். நேரே வடக்குச் சரிவுக்குப் போனேன்.

பன்னிரண்டு நிற்கிறது.

மரம் நின்ற இடமெல்லாம் வெளிச்சமாக இருக்கிறது. அங்கே அவ்வளவு வெளிச்சம் நான் பார்த்ததே இல்லை. வெட்டிப் போட்ட தலைகள் மழையில் ஊறிக் கறுத்துக் கிடந்தன. தகடுகளைப் பிடுங்கிக் கீழேயே போட்டிருந்தார்கள். பொறுக்கினேன். முப்பத்தேழு இருக்க வேண்டும், முப்பத்தாறுதான் கிடைத்தது. இருபத்திரண்டாம் நம்பர் இல்லை. அதைத் தேடி மத்தியானம் வரை குனிந்தே நடந்தேன். எதற்காகத் தேடினேன் என்று தெரியவில்லை.

நேற்று டாக்டர் வந்தார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். ஒரு கல்லில் உட்கார்ந்து காலில் சப்பாத்துக்கு மேல் ஒட்டியிருந்த அட்டைப்பூச்சியைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டே கேட்டார்:

"ஜூன் மாசம் அந்தப் பெரியவர் விழுந்தாரே. அப்ப வாங்குனது யாருன்னு உண்மையிலயே தெரியாதா, டக்ளஸ்?"

"தெரியாது, டாக்டர்."

"தெரிஞ்சிருந்தா அன்னைக்கே வழிய அடைச்சிருக்கலாம்" என்றார். அவ்வளவுதான். எழுந்து மிச்சமிருக்கும் பன்னிரண்டையும் அளந்துகொண்டு போய்விட்டார்.

அக்கா, ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீ அத்தானிடம் பேசினாயா?

டக்ளஸ்


மெர்கோங்
21.1.1980

டக்ளஸ்,

முதலில் சுகம் விசாரித்துத்தான் எழுத வேண்டும். இன்றைக்குக் கை வரவில்லை.

நான் பேசவில்லை. ஜூலையில் பேசப் போனேன். அவர் ஒரு செடிக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே மெல்ல ஏதோ பாடினார். திரும்பி வந்துவிட்டேன். அப்புறம் நாளைக்கு, நாளைக்கு என்று போய்விட்டது. டிசம்பரில் லோரி மூன்று தடவை வந்தது. நான் கதவைச் சாத்திக்கொண்டு செபமாலை சொன்னேன். அதுதான் நான் செய்தது.

உன் கடிதம் வந்த அன்று அவர் வேலையில் இருந்தார். கொல்லைக்குப் போய் அடுக்கைப் பிரித்தேன். ஒவ்வொரு கட்டையாகப் பார்த்தேன். கடைசி வரிசையில் ஒன்றில் கம்பி இருந்தது. கம்பியில் உன் இருபத்திரண்டாம் நம்பர்.

அவர் வந்ததும் சாப்பாட்டு மேசையில் அந்தக் கட்டையை வைத்தேன். உன் கடிதங்களை எல்லாம் எடுத்து வைத்து முதலிலிருந்து படித்துக் காட்டினேன்.  முடிந்ததும்,

"அறுபத்து நாலுதானா?" என்றார்.

"ஆமா."

"மல பூரா இருக்குன்னான் லோரிக்காரன். திருட்டுக் கட்டைன்னு தெரியும். அறுபத்து நாலுன்னு தெரியாது." முதல் கடிதத்தின் தேதியைப் பார்த்துவிட்டு, "ஒனக்குப் போன பிப்ரவரியிலயே தெரியுமா?" என்றார்.

"தெரியும்."

"ஒரு வார்த்த சொல்லலியே, செலஸ்டின்."

"நீங்க திரும்ப அந்த நாற்காலியில உக்காந்துருவீங்கன்னு பயந்தேன்."

அவர் என்னைப் பார்த்தார். கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. "நான் ஒக்காந்திருந்தா ஒக்காந்திருந்துட்டுப் போறேன்" என்றார். எழுந்து பழைய பேப்பரை எடுத்து அந்தக் கட்டையைச் சுற்றி, கயிறு போட்டுக் கட்டி, என் பையில் வைத்துவிட்டுப் போனார். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலை காட்டு இலாகா ஆபீசுக்குப் போனேன். ஆபீசர் மலாய்க்காரர், மரியாதையான மனுஷர், நாற்காலி போட்டார். நான் எல்லாம் சொன்னேன். எழுதிக்கொண்டே வந்தவர், "உங்கள் தம்பிக்கு இது தெரியுமா?" என்று கேட்டார்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தை போதும், நீ தப்பித்திருப்பாய். ஒரு வருஷமாகச் சொல்லாமல் இருந்தே பழகிவிட்டதே, இதையும் சொல்லாமல் விட்டிருக்கலாம். வாய் வரவில்லை. தெரியும் என்றேன்.

உனக்கு வேலை போனால் என்னால்தான் போகும். அதற்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் இவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறேன்.

அக்கா


பாலிங்
27.3.1980

அன்புள்ள அக்காவுக்கு,

இருக்குமிடம் மாறிவிட்டது. சுகத்துக்குக் குறைவில்லை. உன் கடிதத்துக்குப் பதில் பலமுறை ஆரம்பித்துக் கிழித்துப் போட்டேன். கோபத்தினால் இல்லை. எழுதினால் எல்லாம் வேறு யாருக்கோ நடந்ததுபோல் வந்தது.

வேலை போகவில்லை. பொய் ரிப்போர்ட் கொடுத்ததற்காக இங்கே மாற்றிவிட்டார்கள். ரோட்டில் ஒரு தடுப்பு, பக்கத்தில் ஒரு கொட்டகை. காட்டிலிருந்து மரம் ஏற்றிவரும் லோரியை நிறுத்தி, ஒவ்வொரு மரத்திலும் இலாகா முத்திரை இருக்கிறதா என்று பார்த்து அனுப்ப வேண்டும். முத்திரை இருந்தால் கையைத் தூக்குவேன், போய்விடும். ஒரு நாளைக்கு இருபது லோரி. உயிரோடு ஒரு மரத்தை நான் பார்ப்பதே இல்லை.

போன வாரம் டாக்டர் உமையாள் இங்கே வந்தார். காரை ஓரமாக நிறுத்திவிட்டுக் கொட்டகைக்குள் வந்தார். நான் எழுந்து நின்றேன். "உக்காருங்க" என்றார். மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"எனக்கு அது வேணாம், டக்ளஸ். அந்தச் சரிவ மூடிட்டாங்க. இனிமே பெர்மிட் இல்லாம ஒரு ஆள் உள்ள போக முடியாது. ஒங்க அக்கா சொன்னதாலதான் நடந்தது. பன்னெண்டு இருக்கு. ஆனா போன அம்பத்திரண்டும் எங்க நின்னுச்சு, பக்கத்துல என்ன மரம், தண்ணி எவ்வளவு தூரம், இதெல்லாம் தெரிஞ்சாத்தான் வேற எடத்துல புதுசா வளத்து வெக்கிறதப் பத்தி யோசிக்கவே முடியும். என்கிட்ட அளவு மட்டும்தான் இருக்கு. ஒங்க கண்ணுல இருக்கும்ல? எழுதிக் குடுங்க."

ஒரு தடித்த நோட்டை வைத்துவிட்டுப் போனார். லோரிக்கும் லோரிக்கும் நடுவில் எழுதுகிறேன். இப்போது பத்தொன்பதாம் நம்பர் வரை வந்திருக்கிறேன். கண்ணை மூடினால் ஒவ்வொன்றும் நிற்கிறது. ஏழாம் நம்பர் கொஞ்சம் இடதுபக்கம் சாய்ந்திருக்கும். அதன் அடியில் எப்போதும் ஈரம். எழுதும்போது நன்றாகத் தெரிகிறது, எழுதி முடித்ததும் அந்த ஒன்று போய்விடுகிறது. இதையும் டாக்டரிடம் சொல்லவில்லை.

அத்தான் எப்படி இருக்கிறார்? நாற்காலியில்தானா?

நீ செய்தது சரிதான் அக்கா. இதை எழுதத்தான் இரண்டு மாதம் ஆகியிருக்கிறது.

உன் தம்பி
டக்ளஸ்


மெர்கோங்
15.6.1980

என் அன்புத் தம்பி டக்ளஸ்,

உன் கடிதத்தை வேதாகமத்துக்குள் வைத்திருக்கிறேன். நீ சுகமாக இருக்க வேண்டும். நான் நன்றாக இருக்கிறேன், முழங்காலைத் தவிர. அத்தானுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை.

கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அபராதம் கட்டிவிட்டோம். இலாகாக்காரர்கள் வந்து கட்டைகளை ஏற்றிப் போனார்கள். கட்டையில் கட்டியிருந்த செடிகளை அவரே ஒவ்வொன்றாக அவிழ்த்து எடுத்தார். வேர் கட்டைக்குள் போயிருந்தது, பிய்த்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. கரித்துண்டும் செங்கல் சில்லும் போட்டுச் சட்டியில் வைத்தார். பாதிக்கு மேல் செத்துவிட்டது. நான் தினமும் அந்த நாற்காலியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் உட்காரத்தான் செய்தார், சில நாள். ஆனால் சோறு போடாவிட்டால் கேட்கிறார்.

போன மாதம் ஒருநாள், "அத நிக்கிறப்ப பாக்கணும்" என்றார். எது என்று நான் கேட்கவில்லை. டாக்டர் உமையாளுக்கு எழுதினேன். பதில் வராது என்று நினைத்தேன். பெர்மிட்டோடு வந்தது.

சனிக்கிழமை போனோம். குரூண் வரை பஸ், அங்கிருந்து டாக்டர் ஜீப்பில் ஏற்றிக்கொண்டார்.  நீ இருந்த பலகை அறையைக் காட்டினார். இப்போது வேறு ஆள் இருக்கிறான், சட்டை காயப் போட்டிருந்தது. பிறகு நடை. என் முழங்காலுக்கு அது பெரிய நடை. அத்தான் என் கையைப் பிடித்து ஏற்றிவிட்டார்.

நீ எழுதியதெல்லாம் படித்திருந்தும் நான் அப்படி நினைக்கவில்லை, டக்ளஸ். கிட்டப் போனால் இலை எங்கோ மேலே இருக்கிறது. கீழே நின்றால் வானம் துண்டு துண்டாகத் தெரிகிறது. நடுவில் இளசாக நாலைந்து குருத்து சுருண்டிருந்தது, பழுப்பு முடி போர்த்தி. அத்தான் தொப்பியைக் கழற்றிக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடி நின்றார். ரொம்ப நேரம். டாக்டர் தள்ளிப்போய் நின்றுகொண்டார்.

"நான் இத கட்டையாத்தான் பாத்திருக்கேன், டாக்டர்" என்றார் கடைசியில். "இதுக்கு ஒரு தல இருக்கும்னு நெனச்சுக்கூடப் பாக்கல."

டாக்டர் பையிலிருந்து நாடாவை எடுத்து அந்த மரத்தை அளந்தார். 

பிறகு அத்தான் தானாகவே ஒவ்வொன்றாகப் போய்ப் பன்னிரண்டையும் பார்த்தார். வெட்டிய அடிகள் இருந்த இடத்தையும் பார்த்தார். ஒவ்வோர் அடிக்கும் நின்று நின்று போனார். அத்தனைக்கும் நின்றார். டாக்டர் மணி பார்த்தார், ஆனால் கூப்பிடவில்லை. நான் ஒரு வேரில் உட்கார்ந்திருந்தேன். அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. நெஞ்சில் ஏதோ ஒன்று மரத்துப்போன கால் மாதிரி இருந்தது. கொஞ்சம் குத்த ஆரம்பித்தது, அவ்வளவுதான்.

இறங்கும்போது ஜீப்பில், டாக்டர் முன்னால் இருக்க, அவர் என்னிடம் மெல்லச் சொன்னார், "ரெஜினாவுக்கு இப்ப பத்து முடிஞ்சிருக்கும்ல."

ஐந்து வருஷத்தில் அந்தப் பெயரை அவர் சொன்னது இதுதான் முதல் தடவை.

"ஆகஸ்ட் வந்தா பதினொண்ணு" என்றேன்.

"பதினொண்ணு" என்றார். 

வருகிற ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பாலிங்குக்கு வருகிறோம். நான் சொல்லவில்லை, அவர்தான் சொன்னார். பஸ் எத்தனை மணிக்கு என்றுகூட விசாரித்துவிட்டார். வந்து உன்னிடம் என்ன பேசுவார் என்று எனக்குத் தெரியாது. ஒன்றும் பேசாமலே உட்கார்ந்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். பேசச் சொல்லிக் கேட்காதே. பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுவிட்டு நீ உன் லோரிகளைப் பார். ஓய்ந்த நேரத்தில் அந்த நோட்டை எடுத்து எழுது. அவர் பார்க்கட்டும்.

ஞாயிறு நேரில் பார்ப்போம்.

உன் அக்கா
செலஸ்டின்